தேரியில் ஆயிரமாவது பெட்டி

கொம்பன்விளைத் தேரியில் மங்கையர்க்கரசி மாட்டிக்கொண்டது ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு. அதற்குக் காரணம் பேயுமில்லை, சாமியுமில்லை, மாத்திரை போட்டு வைக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பாதான் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய இரண்டு நாளாயிற்று, தெரிந்த பிறகும் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டுவிடவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்து மனிதர்கள் சிவந்த மணல் மேடு ஒன்று நகர்ந்து வந்து ஒரு பனையை இடுப்புவரை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

மங்கைக்கு நாற்பத்தோரு வயது. திசையன்விளையில் பெண்கள் பள்ளி ஒன்றில் லேப் அசிஸ்டெண்ட். வாரத்தில் ஆறு நாள் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவாள், ஏழாம் நாள் பெட்டி தேடப் போவாள். பெட்டி தேடுவது என்றால் இவ்வளவுதான்: உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை மரப்பொந்திலோ பாலத்துக்கு அடியிலோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார், இன்னொருவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, முள்ளில் புடவை கிழிய, நாய் துரத்த, அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற காகிதத்தில் பேரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஜியோகேச்சிங் என்று பேர். இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அந்த வட்டாரத்தில் ‘சும்மா ஆட்கள்’ என்று பேர், சும்மா ஆட்கள் பார்க்கும்படி பெட்டியைத் தொடக்கூடாது என்பது முதல் விதி.

மற்ற விதிகளும் உண்டு. பேனா அவரவர் கொண்டுபோக வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நூற்று அறுபத்தொரு மீட்டராவது இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கோலிக்குண்டு, பொம்மை, சாவி வளையம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்ததற்கு ஈடான ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும். கிடைத்தால் ‘கிடைத்தது’ என்றும், கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் ‘கிடைக்கவில்லை’ என்றும் அந்தப் பெட்டிக்கான இணையப் பக்கத்தில் பதிய வேண்டும். இத்தனை விதியும் போதாதென்று விதிகளுக்குள்ளே சண்டையும் உண்டு; பேனா மறந்துபோனவன் போட்டோ எடுத்துப் போட்டால் செல்லுமா செல்லாதா என்பதில் மாமன் மச்சான் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய சண்டை மாற்றுப்பெட்டி பற்றியது. தேடிப் பார்த்து, பெட்டி இல்லை, தொலைந்துவிட்டது என்று தானாகவே முடிவுகட்டி, பையிலிருந்து தன் டப்பா ஒன்றை எடுத்து வைத்து, அதிலேயே கையெழுத்துப் போட்டு ‘கிடைத்தது’ என்று பதிகிறவர்கள் இருக்கிறார்கள். அது உபகாரம் என்று சிலரும் களவாணித்தனம் என்று சிலரும் சொல்வார்கள். களவாணித்தனம் என்று பதினாலு வருடம் தொண்டை கிழியச் சொன்னவள் மங்கை.

அன்றைக்கு அவளுக்கு ஆயிரமாவது பெட்டி. காலை பத்து மணிக்கே திசையன்விளையில் ஒரு ஹோட்டல் மாடியில் வட்டாரத்துப் பெட்டிக்காரர்கள் பதினோரு பேரும் கூடியிருந்தார்கள். அவர்கள் வட்டத்தின் தலைவர் பால்சுந்தர், மெடிக்கல் ஸ்டோர் வைத்திருப்பவர், மருந்துச் சீட்டைப் படிக்கிற கண்டிப்போடு விதிகளைப் படிப்பவர், பொன்னாடை வாங்கி வைத்திருந்தார். ஒன்பது வருடமாக மங்கைக்கு ஜோடியாகத் தேடுகிற ஐரின் டீச்சர் ஆயிரம் என்று எழுதின கேக்கை வாங்கி வைத்திருந்தாள். ஆயிரமாவது பெட்டியைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது மங்கையே கிளப்பிவிட்ட வழக்கம், அதனால் அவள் மட்டும் ஆட்டோவில் தேரிக்கு வந்து இறங்கினாள்.

தேரி என்பது கடலுக்குக் கொஞ்சம் இப்பால் மல்லாந்து கிடக்கிற சிவந்த மணல் காடு. அதன் நடுவே பதினோரு வருடமாக ஓடாத மோட்டார் ரூம் ஒன்றும், வறண்ட சிமெண்டுத் தொட்டி ஒன்றும், அதற்குமேல் சாய்ந்து நிற்கிற கொல்லாமரம் என்கிற முந்திரி மரம் ஒன்றும் இருந்தன. பெட்டியை வைத்தவர் வில்சன் என்று ஒருவர், வைத்த மறு வருடமே மஸ்கட் போய்விட்டார், எழுதினால் பதில் கிடையாது. மங்கை ஒன்றரை மணி நேரம் தேடினாள். மோட்டார் ரூமைச் சுற்றி வந்தாள், தொட்டிக்குள் இறங்கினாள், மரத்தில் ஏறினாள், மணலைக் கையால் அள்ளினாள், அள்ள அள்ள மணல் சரிந்து மூடியது. போனில் ஐரின் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று என்று போட்டோ அனுப்பினாள். மங்கை ஒரு முறை வானத்தைப் பார்த்தாள், ஒரு முறை ஆட்டோக்காரரைப் பார்த்தாள், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறந்து மாத்திரை டப்பாவில் இருந்த நாலு மாத்திரையை வெளியே தட்டிவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் பேரும் தேதியும் எழுதி உள்ளே போட்டு, கொல்லாமரத்து வேரடியில் டப்பாவை வைத்தாள். போனில் ‘கிடைத்தது’ என்று பதிந்தாள். மணி பதினொன்றே கால்.

ஆட்டோ ஏறினாள், ஆட்டோ கிளம்பியது, கொஞ்ச தூரம் போனது. பிறகு ஆட்டோ போய்க்கொண்டே இருந்தது, மங்கை மட்டும் தொட்டியின் விளிம்பில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்து பார்த்தாள். கிழக்கே நடந்தாள், மேற்கே நடந்தாள், தெற்கே கடல் இரைகிற பக்கமாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியும் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் நூற்று அறுபத்தொரு மீட்டர்வரை தேரி அவளை விட்டது, அடுத்த அடி எடுத்து வைத்ததும் தொட்டி விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தவசிமுத்து சேதி கேட்டு ஸ்கூட்டரில் வந்தார். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர், அதிகம் பேசாத மனிதர், பெட்டி விஷயத்தில் சுத்தமான சும்மா ஆள். பின்னால் உட்கார வைத்துத் தன் இடுப்போடு சேர்த்து அவளைத் துண்டால் கட்டிக்கொண்டு வண்டியை விரட்டினார். வண்டி போனது, அவர் போனார், முடிச்சு அவிழாத துண்டும் போனது. திரும்பி வந்து பார்த்தபோது மங்கை தொட்டி விளிம்பில் இருந்தாள், தனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாரா என்று கேட்டாள்.

இரண்டாம் நாள் அவள் எல்லோரையும் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். சொல்லும்போது பால்சுந்தர் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவை எடுத்துவிட்டாள், பக்கத்தில் ‘கிடைத்தது’ என்பதை அழித்துக் ‘கிடைக்கவில்லை’ என்று பதிந்தாள், எழுந்து நடந்தாள், நூற்று அறுபத்தொரு மீட்டர் நடந்தாள், தொட்டி விளிம்புக்கு வந்து சேர்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது: எழுதினதை அழித்தால் போதாது, எழுதினதை மெய்யாக்க வேண்டும். வில்சன் வைத்த பெட்டியை அவள் கண்டுபிடிக்கிறவரை இந்தத் தேரி அவளை விடாது.

பால்சுந்தர் அவளைக் கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மங்கைக்குத் தோன்றியது. வட்டம் முழுக்க மண்வெட்டியோடு வந்து இறங்கி ஒரு வாரம் தேடியது. மங்கை அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்தில் முன்னால் எடுத்தவர்கள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுவாள்: சதுரமான எவர்சில்வர் டப்பா, உள்ளே பச்சைக் கோலிக்குண்டு ஒன்று, பித்தளை விசில் ஒன்று, சின்னக் கப்பல் தொங்குகிற சாவி வளையம் ஒன்று, நிழல் விழாத பக்கம் பார். படித்துப் படித்து அவளுக்கு அது கந்தர் சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடமாகிவிட்டது. பெட்டிதான் கிடைக்கவில்லை.

அதற்குள் ஊர் இதை எடுத்துக் கையாளத் தொடங்கிவிட்டது. தவசிமுத்து கட்டிலும் ஸ்டவ்வும் கொண்டுவந்தார், பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் செத்துப்போன மோட்டாரைப் பிரித்துப் போட்டு மூன்று நாள் குடைந்து ஓட வைத்தார், பதினோரு வருடத்துக்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் விழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்து மோட்டார் ரூமுக்கு ஒரு கதவு எண் போட்டார், ஒரு தெருவிளக்கு நட்டார், ரேஷன் கார்டை இந்த ஊருக்கு மாற்றிக்கொள்வதாக இருந்தால் ஆட்சேபணை இல்லை என்றார். ஆனியில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை சோதனைக் குழாய்களைக் கூடையில் வைத்து வேனில் அனுப்பினார், மங்கை தொட்டித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்துத் திருப்பி அனுப்பினாள், சம்பளம் ஒரு மாதமும் தவறவில்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் தேங்காய் பழத்தோடு வந்தார்கள். நான் சாமி இல்லம்மா, பொய் சொல்லி மாட்டிக்கிட்டவ என்று அவள் சொல்ல, அவர்கள் அதனாலென்ன என்று தேங்காயை உடைத்து ஒரு மூடியை வைத்துவிட்டுப் போனார்கள்.

முதலில் ஒரு மதுரைக்காரர்தான் ஆரம்பித்தார். தேட வந்தவர், பெட்டி கிடைக்காமல், இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு கையெழுத்தாவது போடுகிறேனே என்று மங்கையின் மளிகை நோட்டில் பேரும் தேதியும் எழுதிவிட்டு, ‘மங்கை கிடைத்தார்’ என்று இணையத்தில் பதிந்துவிட்டார். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ஆறு பேர். அதற்கடுத்த வாரம் ஒரு வெள்ளைக்கார ஜோடி. ஆள் ஒருவர் பெட்டியாக இருக்கலாமா என்று வட்டத்தில் ஒரு மாதம் அடிதடி நடந்தது. பெட்டி என்றால் இடத்தைவிட்டு நகரக்கூடாது, அவள் நகரவில்லை. பெட்டி என்றால் அதில் எழுத இடம் வேண்டும், அவளிடம் நோட்டு இருக்கிறது. பெட்டி என்றால் மழையில் நனையக்கூடாது, மேலே ஓலைப் பந்தல் இருக்கிறது என்று பால்சுந்தரே ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்ப்புச் சொன்னார். எங்கோ தூர தேசத்தில் இதற்கெல்லாம் ஒப்புதல் தருகிற ஒருவர் ஒப்புதலும் தந்துவிட்டார். ஆவணி பிறப்பதற்குள் மங்கை தென்னாட்டிலேயே அதிகம் பேருக்குப் பிடித்த பெட்டியாகிவிட்டாள்.

வந்தவர்கள் நல்லவர்கள், அதுதான் கஷ்டம். எல்லோரும் முறைப்படி நடந்தார்கள். ஒன்றை எடுத்தார்கள், ஈடாக ஒன்றை வைத்தார்கள். சீப்பை எடுத்துக்கொண்டு ஒரு ரப்பர் டைனோசரை வைத்தார்கள், கரண்டியை எடுத்துக்கொண்டு ஒரு பேட்ஜை வைத்தார்கள், இடது கால் செருப்பை ஒருவர் எடுத்துக்கொண்டு கொரியாவிலிருந்து வந்த நாணயம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். இருபது நாளில் குழம்பு கிண்ட ஒரு கரண்டியில்லாமல், முந்நூறு சாவி வளையங்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் சாலையிலிருந்து அவளுக்கு அம்புக்குறி போட்டுப் பலகை வைத்தார். ஒளித்து வைத்ததற்கு அம்புக்குறி வைக்கலாமா என்று வட்டம் போய் அவரிடம் சண்டை பிடித்தது. பிறகு வேறு புகார் வந்தது, மங்கை கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள், தேடுகிற சுகமே இல்லை என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் மரத்துக்குப் பின்னால் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பால்சுந்தர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மங்கை சரியென்று மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். ஆட்கள் சிரித்துக்கொண்டே அவளைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரம் பெட்டியைத் தேடிப் போகத் தெரிந்தவளுக்கு, ஒரு மரத்தின் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று யாரோ தன்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது தாங்க முடியாத துக்கமாக இருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடல் இரைந்துகொண்டிருந்தது, காற்றில் உப்பு வந்தது, கடல் வரவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் அவளுக்கு ஒன்று உறைத்தது. யாரும் இப்போது மண்வெட்டி கொண்டுவருவதில்லை. ஐரின் டீச்சர் வந்தபோது மங்கை அவளை, வா, வடக்குப் பக்கம் இன்னும் ஆழமாகத் தோண்டுவோம் என்று கூப்பிட்டாள். ஐரின் புடவைத் தலைப்பில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வட்டத்தில் இப்போது நாற்பத்தெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், தேரி முனையில் இரண்டு டீக்கடை வந்திருக்கிறது, தனக்குமே பள்ளிக்கூடம் விட்டு வந்து பேச ஓர் இடம் இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னாள். கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள்.

“கெடச்சிட்டா நீ போயிருவல்லா, மங்க,” என்றாள்.

மங்கைக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அன்றிலிருந்து கரண்டிக்குப் பதில் பேட்ஜும், சீப்புக்குப் பதில் டைனோசரும் கிடந்த அந்த இடத்தில் அவள் தனியாகவே தோண்டினாள். சமையலுக்கு இருந்த மூடியால் தோண்டினாள், கையால் தோண்டினாள். பகலெல்லாம் தோண்டினதை மறுநாளைக்குள் காற்று வந்து நிரவிவிட்டுப் போனது.

தவசிமுத்து மட்டும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். காலையிலேயே வந்துவிடுவார். கோழிக் குழம்போ, கருவாட்டுக் குழம்போ, அடுக்குப் பாத்திரத்தில் வரும். கூட்டம் இருந்தால் ஒதுங்கி மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார், கூட்டம் போனதும் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகி பதினேழு வருடத்தில், பிள்ளை இல்லை என்று ஊர் பேசி ஓய்ந்த வருடங்களையும் சேர்த்து, இவ்வளவு நேரம் அவர் தன் முகத்தைப் பார்த்து அவள் பார்த்ததில்லை. இந்தச் சிறையில் தனக்கென்று ஒரு மனிதர் இருக்கிறார் என்று அவள் அவரை நினைத்து அழுததுகூட உண்டு. அவர் வருகிற வண்டிச் சத்தத்துக்கு அவள் காது ஏங்கியது.

மார்கழியில், அம்புக்குறிப் பலகையைக் காற்று சாய்த்துவிட்டதால் ஆட்கள் அதிகம் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தவசிமுத்து மீன் குழம்பு கொண்டுவந்தார். வண்டிச் சாவியைக் கட்டிலில் போட்டுவிட்டு இலை பறிக்கப் போனார். மங்கை சாவியைத் தள்ளி வைக்கலாம் என்று கையில் எடுத்தாள். சாவி புது வளையத்தில் தொங்கியது. வளையத்தில் ஒரு சின்னக் கப்பல் இருந்தது, பாய்மரத்தின் ஒரு முனை உடைந்திருந்தது. முந்நூறு சாவி வளையத்துக்கு நடுவே வாழ்கிறவள் அவள், ஆனால் அவற்றில் கப்பல் ஒன்று கிடையாது, இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நிழல் விழாத பக்கம் பார் என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது.

பெட்டிக்காரர் யாராக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் கோயில் உண்டியல் மாதிரி. ஆனால் ரிப்பேர்க்காரர் கைக்கு ஒரு பொருள் வந்தால் அது வேலை செய்யாமல் கிடக்க விடமாட்டார். பழைய வளையம் அறுந்திருக்கிறது, இது வீட்டில் கிடந்திருக்கிறது, மாட்டிக்கொண்டுவிட்டார்.

அவர் இலையோடு வந்தார். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவர் இலையைக் கட்டிலில் வைத்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், உட்காரவில்லை.

“எங்க இருந்திச்சி?” என்று கேட்டாள்.

பந்தல் கால் நட்ட அன்றைக்கு, அவள் மாட்டிக்கொண்ட மூன்றாவது வாரம், அவள் மரத்தடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தபோது, கடப்பாரையில் எவர்சில்வர் டப்பா தட்டுப்பட்டது என்று சொன்னார். துண்டில் சுற்றி வண்டியில் வைத்தாராம். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் வைத்தாராம். அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொல்லலாம் என்று இருந்தார், பிறகு சொல்ல முடியாமல் போயிற்று. டப்பா அடுக்களையில் பருப்பு டப்பாக்களோடு இருக்கிறதாம். இதையெல்லாம் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு அவளைப் பார்த்தார்.

“பதினாலு வருசம் ஞாயித்துக்கிழமன்னா நீ எந்தக் காட்டுல கெடக்கன்னு தெரியாம, சோத்த முன்னால வச்சிக்கிட்டு ஒத்தையில உக்காந்திருந்தேன். இங்க வந்த பெறவுதான் நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரிஞ்சிது, மங்க. ரொம்ப நாளைக்குன்னு நெனைக்கல. கொஞ்ச நாளைக்குன்னுதான் நெனச்சேன்.”

மங்கைக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது, அவர் தலையைத் தடவ வேண்டும்போலவும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பதினாலு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் அவரிடம் வாருங்கள் என்று கேட்டதில்லை. ஆனால் ஏழு மாதம். அவள் நகத்துக்குள் ஏழு மாதத்து மணல் இருந்தது. அவள் மூடியால் தோண்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் இவர் எதிரே உட்கார்ந்து, கை நோகும், விடு என்று சொல்லியிருக்கிறார்.

“போயி எடுத்துட்டு வாங்க,” என்றாள். “எடுத்த எடத்துலயே வைங்க. எங்கன்னு எங்கிட்ட சொல்லாண்டாம்.”

அவர் போய்க் கொண்டுவந்தார். அவள் கொல்லாமரத்தில் முகத்தை வைத்து, கண்ணை மூடி, காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் தோளைத் தொட்டு வைத்தாயிற்று என்று சொன்னதும் திரும்பினாள். அவர் மேலே நிரவிவிட்ட மணலில் தடம் இல்லை, அந்தமட்டுக்கும் அவர் நேர்மையாக ஒளித்திருந்தார். பந்தலுக்கு ஆறு கால். அவள் ஆறையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு போனைக் கையில் எடுத்து, பதினாலு வருடம் தேடினதுபோலவே முதலில் வெயிலைப் பார்த்தாள், மோட்டார் ரூமின் நிழல் எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று பார்த்தாள், வில்சன் என்கிற முன்பின் தெரியாத மனிதர் இந்த இடத்தில் நின்று என்ன யோசித்திருப்பார் என்று யோசித்தாள். ஒரு மணி நேரமானது. மோட்டார் ரூமின் தெற்குச் சுவரை ஒட்டி நட்ட பந்தல் காலடியில், முழங்கை ஆழத்தில், விரல் நுனியில் சில்லென்று உலோகம் பட்டது. அந்த ஒரு நொடியில் அவள் தவசிமுத்துவை மறந்தாள், தேரியை மறந்தாள், சிரித்துவிட்டாள்.

காகிதம் காய்ந்து மொரமொரத்திருந்தது. தன் பேனாவை எடுத்துப் பேரும் தேதியும் எழுதினாள். ஆயிரம் என்று எழுதவில்லை. பெட்டிக்காரர்கள் வழக்கமாக எழுதுகிற ஒரு வரியை மட்டும் கீழே எழுதினாள்: எதுவும் எடுக்கவில்லை, எதுவும் வைக்கவில்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்து மூடினாள்.

வண்டியில் ஏறு என்று தவசிமுத்து சொன்னார். அவள் நடந்து வருகிறேன் என்றாள். ஒற்றைச் செருப்பையும் கழற்றிவிட்டு அவள் நடக்க, அவர் ஸ்கூட்டரை மெதுவாக அவள் பக்கத்தில் ஓட்டி வந்தார். நூற்று ஐம்பதில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நூற்று அறுபதில் மூச்சை நிறுத்தினாள். பிறகு ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள், காலடியில் மணல் இருந்தது, முன்னால் பனைமரங்கள் இருந்தன, இதற்குமுன் இத்தனை பக்கத்தில் வராத பனைமரங்கள். அவள் திரும்பி, வந்துட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆளில்லாத ஸ்கூட்டர் அவளைத் தாண்டிப் பத்தடி போய், தள்ளாடி, மணலில் சாய்ந்தது.

தவசிமுத்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் ஹாண்டில்பாரைப் பிடித்த மாதிரியே நீட்டியிருந்தன.

அவர் எழுந்து நடந்து வந்தார், தொட்டிக்குப் போனார். ஓடி வந்தார், தொட்டிக்குப் போனார். மங்கை ஸ்கூட்டரிலிருந்து சாவியை உருவி, வளையத்தைக் கழற்றி, கப்பலை எல்லைக்கு உள்ளே வீசினாள். அவர் அதைப் பொறுக்கி எடுத்துப்போய், தோண்டி, பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வந்தார். நூற்று அறுபத்தொரு மீட்டர் வந்தார். தொட்டி விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் எடுத்தது கப்பல் இல்லை என்று அப்போது இரண்டு பேருக்கும் விளங்கியது. எடுத்தது ஏழு மாதம். எடுத்ததற்கு ஈடான ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும், ஏழு மாதத்துக்கு ஈடாக அவரிடம் வைக்கத் தன்னைத் தவிர வேறு என்ன இருந்தது.

நான்காவது முறை அவர் ஓடி வரவில்லை. நடந்து வந்து, எல்லைக்கு ஓரடி முன்னால் நின்றார். அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒன்றுமே இல்லை, ஒரு கோடுகூட இல்லை. கை நீட்டினால் தொட்டிருக்கலாம். அவள் அழுதுகொண்டிருந்தாள், துடைக்கவில்லை.

“மீன் கொழம்பு கட்டில்ல இருக்கு,” என்றாள். “ஆறிப்போவும். சாப்பிடுங்க.”

“மங்க,” என்றார். “ஞாயித்துக்கிழம வருவியா?”

“சோறு கொண்டாரேன்,” என்றாள்.

சாய்ந்து கிடந்த ஸ்கூட்டரை நிமிர்த்தி, மணலைத் தட்டி, உதைத்துக் கிளப்பினாள். தேரி முனையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று திசையன்விளைக்கு, வீட்டுக்கு. அவள் வண்டியை இரைச்சல் வருகிற பக்கம் திருப்பினாள், உப்புக் காற்று முகத்தில் அடித்தது, ஏழு மாதத்தில் முதன்முறையாக அது வலுத்துக்கொண்டே வந்தது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். அடுத்த ஞாயிறுக்கு முழுதாக ஏழு நாள் இருந்தது.